ஒளியால் பின்னிய வலை
கோபுரத் தந்தி முதல் விண்வெளி லேசர் வரை

செய்தி அனுப்பும் கலையின் வரலாற்றில் மனிதன் ஒளியை ஒருமுறை கைவிட்டான். பின்னர் அதனிடமே திரும்பி வந்தான். மலையுச்சியில் தீ மூட்டியும், கண்ணாடியில் வெயிலைத் திருப்பியும் தூரத்தில் உள்ளவர்களோடு பேசியவன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்புக் கம்பியையும் இருபதாம் நூற்றாண்டில் வானொலி அலையையும் நாடினான். இன்றோ, பூமிக்கு மேலே சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில், ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் லேசர் ஒளியால் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு உலகைச் சுற்றி வருகின்றன. ஒரு நாட்டின் செய்தி மறு நாட்டை அடையும் வரை தரையையே தொடாமல் போகக் கூடிய நிலை உண்டாகியிருக்கிறது.

இவ்வளவு பெரிய வலை எவ்வாறு அறுபடாமல் இருக்கிறது? ஒரு கண்ணி கெட்டால் முழுவதும் கெடுமா? இக்கேள்விகள் புதியன அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டின் குன்றுகளின்மேல் நின்ற மரக்கைகளுக்கும் இதே சோதனைதான் இருந்தது.

மரக்கைகள் பேசிய காலம்

பிரஞ்சுப் புரட்சிக் காலத்தில் கிளாடு ஷாப் என்பவர் ஒரு புதிய தந்தியைக் கண்டுபிடித்தார். உயர்ந்த கோபுரத்தின்மேல் ஒரு குறுக்குச் சட்டம். அதன் இரு முனைகளிலும் அசையும் கை ஒவ்வொன்று. சட்டமும் கைகளும் நிற்கும் நிலைகளே எழுத்தும் சொல்லும் ஆயின. ஒரு கோபுரத்தின் அடையாளத்தை அடுத்த கோபுரத்தில் உள்ளவர் தூரதிருஷ்டிக் கண்ணாடியாற் பார்த்து, அதையே தம் கைகளாற் காட்டுவார். அதற்கடுத்தவர் அதைக் காண்பார். 1794-ஆம் ஆண்டில் பாரிசையும் வடக்கே சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள லீல் நகரையும் இவ்வழி இணைத்தது. அவ்வாண்டுக் கோடையிலேயே, எல்லைக் கோட்டைகளைப் பிரஞ்சுப் படை மீட்ட செய்தி, குதிரை வீரனுக்கு வெகு முன்பாகப் பாரிசை அடைந்தது. நாளடைவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கோபுரங்கள் நாடெங்கும் எழுந்தன.

இம்முறையின் பலவீனம் அதன் அமைப்பிலேயே இருந்தது. பாரிசுக்கும் லீலுக்கும் இடையே இருந்தது ஒரே வரிசை. நடுவில் ஒரு குன்றில் மூடுபனி இறங்கினால், இருபுறமும் வானம் தெளிந்திருந்தும் பயனில்லை. இரவிலும் வேலை நின்றுவிடும். கோபுரம் எத்தனை உறுதியாகக் கட்டப்பட்டாலும், சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த வளையத்தின் வலிமையே. 1850-களில் மின்சாரத் தந்தி வந்ததும் மரக்கைகள் ஓய்ந்தன.

ஒளியை மீண்டும் பேசவைக்க முயன்றவர் டெலிபோனைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல் ஆவார். 1880-இல் வாஷிங்டன் நகரில், அவரும் சார்லஸ் சம்னர் டெயின்டரும், குரலால் அதிரும் மெல்லிய கண்ணாடியில் வெயிலைப் படவைத்து, சுமார் 200 மீட்டருக்கு அப்பால் செலினியம் என்னும் பொருளால் அவ்வொளியை மீண்டும் குரலாக்கிக் கேட்டனர். ஒளிபேசி என்னும் இக்கருவியைத் தமது கண்டுபிடிப்புகளில் தலையாயது என்றே பெல் கருதினார். ஆனால் மேகம் மறைத்தால் பேச்சு நின்றது. ஒளிக்குத் தேவைப்பட்ட இரண்டு பொருள்கள் அன்று இல்லை: சிதறாத கதிர் ஒன்று, மேகமற்ற வெளி ஒன்று.

கடலடியில் மலாயாவின் பால்

ஒளி ஒதுங்கி நின்ற அக்காலத்தில் உலகை இணைத்தது கடலடிக் கம்பி. அதில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பெரும் பங்கு உண்டு. செம்புக் கம்பியைக் கடல்நீர் தீண்டாமல் காக்க ஓர் உறை வேண்டியிருந்தது. தாபான் மரத்தின் பாலாகிய கட்டாபெர்ச்சா அதற்கு உகந்ததாக அமைந்தது. சிங்கப்பூரில் வைத்தியராய் இருந்த வில்லியம் மான்கோமரி 1843-இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். பின்னர் உலகக் கடல்களில் இறங்கிய கம்பிகளுக்கெல்லாம் இக்காடுகளின் பாலே போர்வை ஆயிற்று. அதற்காக எண்ணற்ற மரங்கள் வெட்டுண்டன. 1870, 1871-ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கம்பி இடப்பட்டது. கப்பல் வாரக் கணக்கிற் கொணர்ந்த செய்தியை மணிக் கணக்கில் கொணரும் காலம் பிறந்தது.

ஆயினும் இங்கும் பழைய குறையே. கம்பி ஒன்று, அறுந்தால் வழியில்லை. இக்குறை இன்றும் தீர்ந்தபாடில்லை என்பதை 2022-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் உலகம் கண்டது. பசிபிக் கடலில் டோங்கா நாட்டருகே எரிமலை வெடித்தது. அந்நாட்டையும் பிஜித் தீவையும் இணைத்த ஒரே கடலடிக் கம்பி துண்டாயிற்று. ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள் வாழும் நாடு வெளியுலகத் தொடர்பை இழந்தது. வெளிநாடுகளில் வாழும் டோங்கா மக்கள் தம் பெற்றோரும் பிள்ளைகளும் உயிரோடு உள்ளனரா என்று அறியாமல் தவித்தனர். தலைநகர்த் தீவுக்குச் செல்லும் கம்பியைச் செப்பனிட ஐந்து வாரங்கள் பிடித்தன. வலை என்பது வாணிபத்துக்கும் பொழுதுபோக்கிற்கும் மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

விண்ணில் நாட்டிய கோபுரம்

1945-ஆம் ஆண்டு அக்டோபரில், பிரிட்டிஷ் விமானப் படையில் ராடார் துறையில் இருந்த ஆர்தர் சி. கிளார்க், ஒரு வானொலி இதழில் வியத்தகு கட்டுரை ஒன்றை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள், பூமியோடு ஒத்துச் சுழல்வதால், ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய நிலையங்கள் மூன்றிருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்றார். அந்நிலையங்களை ஒன்றோடொன்று வானொலிக் கதிராலோ ஒளிக்கதிராலோ இணைக்கலாம் என்றும் கூறினார். லேசர் பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய சொல் இது. 1956-இல் இலங்கையிற் குடியேறிய கிளார்க், 2008-இல் கொழும்பில் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. 1962 ஜூலையில் அமெரிக்காவின் டெல்ஸ்டார் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பியது. ஆனால் டெல்ஸ்டார் தாழ்வான பாதையில் விரைந்து சென்றதால், ஒவ்வொரு சுற்றிலும் இரு கரைகளுக்கும் ஒருங்கே தெரிந்தது சுமார் இருபது நிமிடமே. 1965-இல் ஏவப்பட்ட ‘எர்லி பேர்டு’ கிளார்க் கூறிய உயரத்தில் நின்றது. 1970-இல் குவாந்தானிலும் 1971-இல் செந்தோசாத் தீவிலும் தரை நிலையங்கள் எழுந்தபோது மலேசியாவும் சிங்கப்பூரும் இந்த வான்வழியில் சேர்ந்தன.

உயரே நிற்கும் கோளுக்கு ஒரு தீராத குறை உண்டு. ஒளியும் வானொலியும் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்திற் சென்றாலும், 36,000 கிலோமீட்டர் ஏறி மீண்டும் இறங்கக் கால் நொடி ஆகிறது. கேள்வியும் பதிலும் சேர்ந்தால் அரை நொடி. உரையாடலில் இந்தத் தயக்கம் நன்கு தெரியும். தாழ்வான பாதையில் தயக்கம் இல்லை; ஆனால் ஒரு கோள் சில நிமிடங்களில் மறைந்துவிடும். எனவே மறைவதற்குள் அடுத்தது உதிக்க வேண்டும். எத்தனை கோள்கள், எத்தனை பாதைகள், எந்தச் சாய்வு என்னும் கணக்கைப் பிரிட்டனின் ஜான் வாக்கர் 1970-களின் தொடக்கத்தில் ஒழுங்குபடுத்தினார். அவர் பெயரால் வழங்கும் அமைப்புகளே இன்றைய கூட்டங்களுக்கு அடிப்படை.

அறுபத்தாறு கோள்களின் பாடம்

இக்கணக்கை முதலில் பெரிய அளவிற் செயலாக்கியது மோட்டரோலா நிறுவனம் தொடங்கிய இரிடியம் திட்டமாகும். முதலில் 77 கோள்கள் என எண்ணினர். இரிடியம் என்னும் உலோகத்தின் அணு எண் 77 ஆதலால் அப்பெயர் வைத்தனர். பின்னர் 66 போதும் எனக் கண்டனர். துருவங்களை ஒட்டிச் செல்லும் ஆறு பாதைகள். பாதைக்குப் பதினொரு கோள்கள். உயரம் சுமார் 780 கிலோமீட்டர். ஒவ்வொரு கோளுக்கும் நான்கு கைகள்: ஒன்று முன்னே செல்பவனுக்கு, ஒன்று பின்னே வருபவனுக்கு, மற்ற இரண்டு பக்கத்துப் பாதையில் உள்ளவர்களுக்கு. இக்கைகள் லேசர் அல்ல, வானொலியே.

இங்குதான் ஒரு நுட்பமான சிக்கல் வெளிப்பட்டது. ஆறு பாதைகளில் முதலாவதும் கடைசியும் அருகருகே வரும் இடத்தில், ஒன்றில் கோள்கள் வடக்கு நோக்கியும் மற்றதில் தெற்கு நோக்கியும் விரைகின்றன. எதிரெதிர் ஓடும் இரண்டு ரயில்களில் உள்ளவர்கள் கைகுலுக்க முடியாதவாறு, அங்கே இணைப்பு நிலைப்பதில்லை. துணியில் தையல் விட்ட இடம்போல வலையில் ஒரு பிளவு உண்டாகிறது. அருகில் உள்ள இருவரின் செய்தியும் அப்பிளவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அருகில் இருப்பது வேறு, இணைந்திருப்பது வேறு என்னும் உண்மை இவ்வாறு தெளிவாயிற்று.

1998 நவம்பரில் இரிடியம் வேலை தொடங்கியது. அமெரிக்கத் துணை ஜனாதிபதி அல் கோர் முதல் அழைப்பில் பேசியது கிரகாம் பெல்லின் கொள்ளுப்பேரனோடு! யந்திரம் வென்றது, வாணிபம் தோற்றது. ஏறக்குறைய 500 கோடி டாலர் விழுங்கிய நிறுவனம் 1999 ஆகஸ்டில் திவாலாயிற்று. பின்னர் மிகச் சொற்ப விலைக்குக் கைமாறி உயிர் பிழைத்தது. 840 கோள்களைப் பறக்கவிடுவதாக 1994-இல் அறிவித்த டெலிடெசிக் திட்டமும் 2002-இல் நின்றுபோயிற்று.

லேசர் கைகோத்த வரலாறு

பெல்லுக்குக் கிட்டாத சிதறாத கதிர் 1960 மே மாதத்தில் கிட்டியது. கலிபோர்னியாவில் தியோடோர் மைமன் செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். மேகமற்ற வெளியை விண்பயணம் அளித்தது. ஆனால் இரண்டையும் சேர்க்க நாற்பது ஆண்டுகள் ஆயின. காரணம் குறி வைப்பதன் கடினம்.

வானொலிக் கதிர் விரிந்து பரவும். சற்றுத் தவறினாலும் கேட்கும். லேசர்க் கதிரோ 5,000 கிலோமீட்டர் சென்றும் சில பத்து மீட்டர் அகலத்துக்குமேல் விரியாதவாறு அமைக்கப்படுகிறது. அதனாற்றான் சிறிய விளக்கால் பெருஞ்செய்தியை அனுப்ப முடிகிறது. அதனாலேயே குறி தவறினால் ஒன்றுமில்லை. அனுப்பும் கோளும் வாங்கும் கோளும் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றன. ஒளி 5,000 கிலோமீட்டர் கடக்கும் நொடியின் அறுபதில் ஒரு பங்கிலேயே வாங்கும் கோள் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. பறக்கும் பறவைக்கு முன்னால் அம்பு தொடுக்கும் வேடனைப்போல், இருக்கும் இடத்தை விட்டு, வந்து சேரும் இடத்தை நோக்கியே ஒளியைச் செலுத்த வேண்டும். முதலில் தேடல், பின் பற்றுதல், பின் விடாது தொடர்தல் என மூன்று படிகள் இதற்கு உண்டு.

2001 நவம்பரில் ஐரோப்பாவின் ஆர்ட்டெமிஸ் கோளும் பிரான்சின் ஸ்பாட்-4 கோளும் லேசராற் பேசின. நொடிக்கு 5 கோடி பிட் அளவில் பூமியின் படங்கள் சென்றன. ராக்கெட்டின் குறையால் ஆர்ட்டெமிஸ் உரிய உயரத்தை அடையாமல் தத்தளித்த வேளையிலேயே இச்சாதனை நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. 2005-இல் ஜப்பானின் கிராரி அதே ஆர்ட்டெமிசோடு இருவழியிலும் பேசியது. 2008-இல் ஜெர்மனியின் டெர்ராசார்-எக்ஸ் கோளும் அமெரிக்காவின் என்பயர் கோளும், இரண்டும் தாழ்ந்த பாதையில் ஓடியவாறே, சுமார் 5,000 கிலோமீட்டர் இடைவெளியில் நொடிக்கு 500 கோடி பிட்டுக்கு மேல் பரிமாறின.

பெருங்கூட்டத்துக்கு இதைக் கொண்டுவந்தது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 கோள்கள் ஏவப்பட்டன. அவற்றில் லேசர் இல்லை. அவை கண்ணாடிபோல் செய்தியை மேலே வாங்கிக் கீழே திருப்பின. ஆகவே பயன்படுத்துவோர், தரை நிலையம் ஆகிய இருவரையும் ஒரே கோள் ஒரே வேளையிற் காண வேண்டியிருந்தது. நடுக்கடலிலும் துருவத்திலும் தரை நிலையம் ஏது? 2021 ஜனவரியில் துருவப் பாதைக்குச் சென்ற பத்துக் கோள்கள் லேசரோடு சென்றன. அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏவப்பட்டவை லேசர் பூண்டே எழுந்தன. 2022 செப்டம்பரில் அண்டார்க்டிக்காவின் மெக்மர்டோ நிலையத்து விஞ்ஞானிகள் இவ்வழியே இணையத் தொடர்பு பெற்றனர். 2024-இன் தொடக்கத்தில் 9,000-க்கு மேற்பட்ட லேசர்க் கருவிகள் விண்ணில் வேலை செய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஒவ்வொன்றும் நொடிக்கு 10,000 கோடி பிட் வரை செலுத்தவல்லது.

இதற்கு மாறாக, 1,200 கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் ஒன்வெப் கோள்கள் தமக்குள் இணைப்பின்றியே ஏவப்பட்டன. அவற்றுள் 72 கோள்களை 2022, 2023-ஆம் ஆண்டுகளில் இந்தியா ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இரு தடவைகளில் ஏவியது. கோள் எளிதானால் தரையில் நிலையங்கள் பல வேண்டும். தரையிற் குறைத்தால் கோள் சிக்கலாகும். இரண்டும் இரண்டு வழிகள்.

எத்தனை கை வேண்டும்?

வலையின் உறுதி கண்ணிகளின் எண்ணிக்கையில் இல்லை. இணைப்பின் அமைப்பில் இருக்கிறது. இதை எண்ணால் விளக்கியவர் அமெரிக்காவின் ராண்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பால் பாரன். அணுகுண்டுப் போர் மூண்டாலும் அறுபடாத தொடர்பு எது என ஆராய்ந்து 1964-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: ஒரே மையத்தைச் சார்ந்த வலை மையத்தோடு சாகும், பரந்த பின்னலோ பல கண்ணிகளை இழந்தும் வாழும். கண்ணிகளைப்போல் மும்மடங்கு இணைப்புகள் இருந்தாலே போதும், வலை மிக வலிமை பெறும் என்றும் கண்டார்.

இதற்குச் சற்றுமுன் 1957-இல், பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் இருவர், துளைகள் நிறைந்த பொருளில் நீரோ காற்றோ எப்போது ஊடுருவும் என்னும் கணக்கைத் தொடங்கினர். நச்சுக் காற்றைத் தடுக்கும் முகமூடியின் கரித்துகள்களைப் பற்றிய சிந்தனையே இதற்கு வித்து. சதுரக் கட்டங்களாகிய எல்லையற்ற வலையில், இணைப்புகள் கண்டபடி அறுந்துகொண்டே வந்தால், பாதி அறும் வரை வலை ஒன்றாய் நிற்கும். பாதியைத் தாண்டியதும் துண்டு துண்டாகும் என்பதை 1980-இல் ஹாரி கெஸ்டன் நிறுவினார். கெடுதல் சிறிது சிறிதாய் வளர்ந்து, திடீரென ஒரு கட்டத்தில் முழுமையும் குலைகிறது. வலைகளைக் காப்போர் மறக்கலாகாத எச்சரிக்கை இது.

இக்கணக்கை விண்ணில் வைத்துப் பார்க்கலாம். ஸ்டார்லிங்கின் முதல் அடுக்குக்கு அனுமதி பெற்ற அமைப்பில் 72 பாதைகள், பாதைக்கு 22 கோள்கள், ஆக 1,584 கோள்கள். ஒரே பாதையில் அடுத்தடுத்த கோள்களுக்கு இடைவெளி ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். கோளுக்கு நான்கு கைகள் எனக் கொண்டால், ஒவ்வோர் இணைப்புக்கும் இரு கைகள் வேண்டுமாதலால், 3,168 இணைப்புகள் கிடைக்கும். அதாவது கண்ணிகளைப்போல் இருமடங்கு. இது பாரன் விரும்பிய மும்மடங்கினும் குறைவே. ஆயினும் கடலடிக் கம்பிக்கு இல்லாத ஒரு வசதி ஒளிக்கு உண்டு. அண்டையிலுள்ள கோள் கெட்டால் கையை வேறுபுறம் திருப்பிக்கொள்ளலாம். 550 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் வளைவும் காற்று மண்டலமும் மறைக்காமல் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் வரை கோள்கள் ஒன்றையொன்று காண முடியும். ஒன்றைத் தாண்டி அடுத்ததைப் பிடிக்க இத்தொலைவு போதுமானது.

நேரக் கணக்கு ஒன்றும் கருதத்தக்கது. கண்ணாடி இழைக்குள் ஒளி, வெற்றிடத்தில் ஓடும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கே ஓடுகிறது. லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் நேர்த்தொலைவு ஏறக்குறைய 10,850 கிலோமீட்டர். கோள் விட்டுக் கோள் தாவி 13,000 கிலோமீட்டர் ஆனாலும் ஒளி 43 மில்லி நொடியிற் சென்றடையும். கடல்வழி சுற்றி வரும் இழை 15,000 கிலோமீட்டர் எனக் கொண்டால் 70-க்கு மேல் ஆகும். இது கணக்களவில் உள்ள வேகம். நடைமுறையில் வழித் தேர்வும் நெரிசலும் அதைக் குறைக்கும். மேலும், சுமக்கும் அளவில் கடலடி இழைகளுக்கு விண்வலை ஈடாகாது. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் செய்திகளில் மிகப் பெரும்பகுதி இன்றும் கடலடியிலேயே செல்கிறது.

வலையும் அதன் மூளையும்

மூடுபனி இல்லாத விண்ணில் வேறு இடையூறுகள் உண்டு. 2009 பிப்ரவரியில் இரிடியம் கோள் ஒன்றும் செயலற்ற ரஷ்யக் கோள் ஒன்றும் மோதி, கண்காணிக்கத்தக்க துண்டுகளே இரண்டாயிரத்தளவில் சிதறின. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கோள்களில் 40 வரை சூரியப் புயலால் கட்டுக்கடங்காது வீழ்ந்தன. இவற்றை வலை தாங்கிக்கொண்டது. ஆனால் 2025 ஜூலை 24-ஆம் நாள், ஆயிரக்கணக்கான கோள்களும் லேசர்களும் நலமாக இருந்தும், உலகெங்கும் ஸ்டார்லிங்க் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நின்றுபோயிற்று. வலையை நடத்தும் முக்கிய மென்பொருள் பழுதுற்றதே காரணம் என்று நிறுவனம் கூறியது. உடல் ஆயிரமாய்ப் பிரிந்திருந்தும் மூளை ஒன்றாய் இருந்ததன் விளைவு இது. பாரன் அஞ்சிய மையம், விண்ணில் இல்லை, தரையில் மறைந்திருந்தது.

சிறு நாடுகள் இதனின்று கொள்ளத்தக்க பாடம் உண்டு. டோங்காவைப் போன்ற தீவுக்கும், சபா, சரவாக் உட்பகுதிகளைப்போல் மலையும் காடும் கம்பியைத் தடுக்கும் ஊருக்கும் விண்வலை பெரும் பேறு. 2023-இல் மலேசியாவும் ஸ்டார்லிங்குக்கு உரிமம் வழங்கியது. ஆனால் ஒரே கம்பியை நம்பிய நாடு ஒரே நிறுவனத்தை நம்பும் நாடாக மாறினால், மாறியது மெலிந்த வளையத்தின் இடமே அன்றி அதன் மெலிவு அன்று. கடலடியில் இரண்டு வழி, விண்ணில் இரண்டு வழி என்று இருப்பதே உறுதி. செய்தி தரையைத் தொடாமலே எல்லை கடக்கும்போது, அதைக் காக்கும் பொறுப்பு எந்நாட்டுச் சட்டத்துக்குரியது என்பதும் அரசுகள் முடிவு செய்ய வேண்டியதொன்று.

ஷாப்பின் கோபுரங்கள் மறைந்து நூற்றெழுபது ஆண்டுகள் ஆகின்றன. மரக்கை இருந்த இடத்தில் லேசர்க் கதிரும், குன்று இருந்த இடத்தில் கோளும் வந்துவிட்டன. ஒரு வழி மூடினால் மறு வழி உண்டா என்னும் கேள்வி மட்டும் அன்றுபோல் இன்றும் நிற்கிறது. அதற்கு உண்டு என்று விடை கூறக்கூடிய வலையே மக்கள் நம்பத்தக்க வலையாகும்.